நாகசாகிக்கு இரண்டு நாள்

புதன்கிழமை வகுப்பு.
ஹட்டனில், ஹார்ட்வெயார் கடை மாடியில்.
கீழே ஆணி நிறுக்கிறார்கள்.
மேலே பதினொரு பேர்
போவோம் பார்ப்போம் சாப்பிடுவோம் என்று
ஜப்பானிய வாயால் சொல்லிப் பழகுகிறோம்.

வாய்மொழிப் பரீட்சைக்கு மாதிரிக் கேள்வி:
துணைக்கு ஒருவர், இரண்டு நாள், நாகசாகி நகரம்,
கையில் முப்பதாயிரம் யென்.
திட்டமிடுக.

நாங்கள் உண்மையில் போகப்போவது
யாரோ ஒருவரைக் குளிப்பாட்ட,
படுக்கை விரிப்பு மாற்ற.
அந்தச் சொற்கள் இருபதாம் பாடத்தில் வரும்.
இது எட்டாம் பாடம்.
இதில் எல்லோரும் உல்லாசப் பயணிகள்.

எனக்கு ஜோடியாய் விழுந்தது கிங்ஸ்லி.
லீசிங் கம்பனிக்காரன்,
தவணை தவறிய ஆட்டோக்களைத் தேடிப் பிடிப்பவன்.
பஜாரில் பாதிப் பேர்
அவனைக் கண்டால் சந்து மாறுவார்கள்.
சென்செய் கொடுத்த விலைப்பட்டியலை
அவன் வாசித்த விதமும் அப்படித்தான்,
யென் எங்கே ஒளிந்திருக்கிறது என்று.

காலை ஒன்பது மணி, ட்ராம்.
அப்புறம் மூக்குக்கண்ணாடிப் பாலம்:
இரண்டு வளைவு, தண்ணீரில் இரண்டு நிழல்,
சேர்த்துப் பார்த்தால் கண்ணாடி.
தண்ணி கலங்கியிருந்தா? என்றேன்.
அரைக் கண்ணாடி, என்றான்.

மதியம் சம்போன்.
பன்றி, கணவாய், கோவா, நூடில்ஸ்
எல்லாம் ஒரே கோப்பைக்குள்.
கொத்து ரொட்டிக்குச் சுடுதண்ணி ஊத்தின மாதிரி, என்றான் ஆசையாய்.
வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேன், என்றேன்.
அவன் கொஞ்சம் யோசித்து
தேதியை அழித்து
வியாழக்கிழமை என்று எழுதினான்.
இல்லாத பயணம்
ஒரு நாள் முந்திப் புறப்பட்டது.

மலைமேல் பழைய வெள்ளைக்காரர் வீடுகள்,
பூந்தோட்டம், நுழைவுக் கட்டணம்.
கிங்ஸ்லி பேனாவைக் கீழே வைத்தான்.
காசு குடுத்து துரை பங்களா பாக்கவா?
இருவரும் சேர்ந்தே வெட்டினோம்.

அணுகுண்டு அருங்காட்சியகம்.
இதற்கு மட்டும் வாதமில்லை.
எழுதினோம், பக்கத்தில்
எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

கசுதெரா கேக், அடியில் பல்லில் கடிபடும் சீனியோடு,
இரண்டு பெட்டி. அது என் பிடிவாதம்.
ரோப்வே அவன் பிடிவாதம்:
இரவில் மலை உச்சிக்குத் தொங்கிக்கொண்டே போய்
ஊரின் வெளிச்சத்தைப் பார்ப்பதாம்.
மஸ்கெலியாக்காரிக்கு இது ஒரு காட்சியா?
சீசனில் எங்கள் வாசலிலிருந்தே
சிவனொளிபாதமலை உச்சிவரை பல்பு தெரியும்.
சொல்லவில்லை.
அதைச் சொல்ல எட்டாம் பாட இலக்கணம் போதாது.

முன்னால் போய் நின்று ஒப்பித்தோம்.
திலினி சென்செய் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
மறுபடி திருப்பினார்.
இரவு எங்கே தங்குவீர்கள்?

நாங்கள் எழுதவே இல்லை.
ஒன்பது மணி ட்ராமிலிருந்து ரோப்வே வரை
எல்லாம் இருந்தது, தூக்கம் இல்லை.
எங்கே போனாலும் கடைசி பஸ்ஸுக்குத்
திரும்பிவிடுகிற பிழைப்பு எங்களுடையது,
நுவரெலியா பூக்கண்காட்சிக்கும் அப்படித்தான்,
கண்டிப் பெரஹராவுக்கும் அப்படித்தான்.
நாகசாகியிலிருந்தும்
ஆறு நாற்பதுக்கு மஸ்கெலியா பஸ் இருக்கும் என்று
உள்ளுக்குள் யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள்.

ஓர் அறையா, இரண்டா? என்றார் சென்செய்,
எண்ணுச் சொல் சரியாக வருகிறதா என்று பார்க்க.
பின்வாங்கில் சிரித்தார்கள்.
இரண்டு, என்றேன்,
கேள்வி முடியுமுன்னே.
எண்ணுச் சொல் பிழை.

இரண்டு அறைக்கு மூவாயிரம் யென் கூடுதல்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.
அவன் நின்றுகொண்டு,
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
தாளை என் மடியில் விரித்து
ரோப்வேயை வெட்டினான்.
நீளமாய், இரண்டு கோடு.
நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
நோர்வுட் தாண்டும்வரை
கசுதெராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ரோப்வே டிக்கட், இரண்டாயிரத்து ஐந்நூறு.
இன்னும் ஐந்நூறு யென் உதைக்கிறது.